நம்பிச் சொன்னவர்களின் பட்டியல்

வாசகப் பெருமக்களே, சற்றே எழுந்து வாருங்கள். ஆரணி நகரில் ஓர் அநீதி நடந்திருக்கிறது. அதற்கு நீங்கள் சாட்சி நிற்க வேண்டும். பதறாதீர்கள். இரத்தம் சிந்தவில்லை, பிரம்பு முறியவில்லை, குரல்கூட உயரவில்லை. கைநீட்டிக் காட்ட அங்கே முரடர்கள் எவரும் இல்லை. இனிமையாகப் பேசுகிறவர்கள், பிள்ளைகளின் பிறந்தநாளை நினைவில் வைத்து மிட்டாய் கொடுக்கிறவர்கள்தாம் இருக்கிறார்கள். அதனாலேயே உங்களை அழைக்கிறேன். முரடன் செய்யும் அநீதிக்கு ஊரே தானாகத் திரண்டு வரும். நல்லவர்கள் செய்யும் அநீதிக்கு ஆள் தேடிப்போய் அழைக்க வேண்டியிருக்கிறது.

ஊரின் பெயரைச் சொல்லிவிட்டேன். பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஒரு பள்ளியைத் தூற்றிவிட்டு நீங்கள் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவீர்கள்.

அது ஒரு தனியார் பள்ளி. தலைமை ஆசிரியை ஸ்வர்ணலதா. அவர் மேடையேறினால் பேசும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: நம்பிக்கை. மாணவர் ஆசிரியரை நம்ப வேண்டும், பெற்றோர் பள்ளியை நம்ப வேண்டும், ஆசிரியர் தலைமையை நம்ப வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். தலைமை யாரை நம்ப வேண்டும் என்ற இடம் வருவதற்குள் கைதட்டல் எழுந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவருடைய பள்ளி தொடர்ந்து ஆறு ஆண்டுகளாக நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டியிருந்தது. வந்தவாசியிலிருந்துகூட அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வந்தார்கள்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் அங்கே ஓர் அறை திறக்கப்பட்டது. வெளிர்நீலச் சுவர், இரண்டு நாற்காலிகள், ஒரு பூந்தொட்டி, ஓர் இரும்பு அலமாரி. சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: ‘இங்கே சொல்வது இங்கேயே இருக்கும்.’ அந்த அறைக்கு ஆலோசகராக நான்சி அமர்த்தப்பட்டார். உளவியல் படித்தவர்; பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள்; தேவிகாபுரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருகிறவர். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசினால் பாதித் துயரம் தீர்ந்துவிடும் என்று உளமார நம்பியவர். மீதிப் பாதி அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கும் என்பது அன்று அவருக்குத் தெரியாது.

முதல் மாதம் எவரும் வரவில்லை. இரண்டாம் மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். பெயர் கனிமொழி. சேவூரில் முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்யும் சடையனின் மகள். சடையனின் தகப்பனார் வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். சடையன் தறியில் ஏறினார். தம் மகள் நாற்காலியில் அமர வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

வகுப்பில் எழுந்து வாசிக்க மறுத்தாள் என்று தமிழாசிரியர் அவளை அனுப்பியிருந்தார். பூந்தொட்டியைப் பார்த்தபடியே, தனக்குப் படிக்க வராது என்றாள் கனிமொழி. எந்தப் பாடம் வரவில்லை என்று நான்சி கேட்டார்.

“பாடம்லாம் வரும் மிஸ். எழுத்துதான் வராது. ஒரு எழுத்தப் பாக்கசொல்லோ பக்கத்துல கீற எழுத்து வந்து அதும் மேல ஏறிக்குது.”

நான்சிக்கு விளங்கவில்லை. கனிமொழி விளக்க முற்படவில்லை; வரலாற்றுப் பாடத்தின் இரண்டு பக்கங்களை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். தோழி சிவசங்கரி ஒரு தபா வாய்விட்டுப் படித்தால் போதுமாம், மனத்தில் நின்றுவிடுமாம். தேர்வில் கேள்வியின் முதல் எழுத்து வளைந்திருக்கும் விதத்தை வைத்து, இன்ன கேள்வி என்று ஊகித்து, விடையை ஓவியம்போல வரைந்துவிட்டு வருவாளாம். ஒன்பது ஆண்டுகள் ஒருத்தி இப்படியே பள்ளியை ஏமாற்றியிருக்கிறாள். இல்லை, தவறாகச் சொன்னேன். ஒன்பது ஆண்டுகள் ஒருத்தியைப் பார்க்காமலே ஒரு பள்ளி அவளைத் தேர்ச்சி பெறவைத்திருக்கிறது.

“எங்கப்பாக்குக்கூடத் தெரியாது மிஸ். பஸ் வந்தா போர்டு என்னதான் படிக்கச் சொல்லும். நான் கண்டக்டர் மூஞ்ச வெச்சி சொல்லிடுவேன். நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?”

நான்சி பதிலுக்குச் சுவரைக் காட்டினார். சிறுமி சுவரைப் பார்த்தாள்; பிறகு நான்சியைப் பார்த்தாள்.

“அதுல இன்னா எழுதிக்கீது மிஸ்?”

நான்சி வாசித்துக் காட்டினார். கனிமொழி நம்பினாள். எழுத்தை நம்பவில்லை, அவளால் அது இயலாது. வாசித்துக் காட்டிய குரலை நம்பினாள்.

அன்றிலிருந்து நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் அந்த அறையில் பாடம் நடந்தது. நான்சி எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி, விரலால் தடவச் செய்தார். நூலின் நெருடலை விரல்நுனியில் அறிந்த வீட்டுப் பெண். கண் மறுத்ததை விரல் கற்றது. பொங்கல் விடுமுறைக்குள் ‘சேவூர்’ என்ற பெயரைப் பேருந்தின் நெற்றியில் தானாகவே படித்துவிட்டாள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வுக்குள் அவளைப் படிக்கவைத்துவிடுவதாக நான்சி வாக்குக் கொடுத்தார். மருத்துவச் சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரமும், அவள் சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆளும் கிடைக்கும் என்று தம் கோப்பில் பதினொன்றாம் பக்கத்தில் எழுதி வைத்தார். கனிமொழியைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பதினேழு பிள்ளைகள் அந்த அறையில் நம்பிப் பேசினார்கள். பேசியதெல்லாம் கோப்பில் ஏறியது.

இனி, பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். பிப்ரவரி மாதம். பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே ‘நம்பிக்கை உடன்படிக்கை’ ஒன்று கையெழுத்தாகும் என்று அறிவிப்பு வந்தது. தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. உடன்படிக்கை மட்டும் அச்சகத்திலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுமாறும், மேலே உரியதைப் பிறகு அச்சிட்டுக்கொள்வதாகவும் ஸ்வர்ணலதா ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்.

படித்த வாசகரே, சிரிக்காதீர்கள். வெற்றுத்தாளில் எவன் கையெழுத்திடுவான் என்று கேட்காதீர்கள். சடையன் இருபது ஆண்டுகளாக இட்டுக்கொண்டிருக்கிறார். தறியில் ஏற்றும் பாவு நூலும் சரிகையும் வாங்க முதலாளி வீட்டுக்குப் போனால் நெசவாளி முதலில் பதிவேட்டில் கையெழுத்திடுவார். பட்டின் எடையும் நிறமும் சேலையின் விவரமும் அதன் பிறகே மேலே எழுதப்படும். அதுதான் அங்கே வழக்கம். மேலே என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்பது, கொடுக்கிறவரை முகத்துக்கு நேரே திருடர் என்று சொல்வதற்குச் சமம். இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் பிசகியதில்லை. அத்தகைய மனிதரிடம் தலைமை ஆசிரியை ஒரு தாளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கடிதாசியின் அடியில் தம் பெயரை அழகாக எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

எல்லோரும் கையெழுத்திட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அரிசி ஆலையில் வேலை செய்யும் கன்னியம்மாள், கனிமொழியின் வகுப்பில் படிக்கும் சுதாகர் என்ற மாணவனின் தாய், தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணாடி கொண்டாரல மேடம். வூட்டுக்கு எட்துகினு போயி, இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துட்டுப் போட்டாறேன்.”

அதில் ஒன்றுமே எழுதவில்லையே என்றார் உதவித் தலைமை ஆசிரியர்.

“அதத்தான் சார் பாக்கணும்.”

கூட்டம் சிரித்தது. கன்னியம்மாளும் சிரித்துக்கொண்டே தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தாள் பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. அவள் மகன் சுதாகரும் தாயைக் கொண்டு பிறந்தவன். நீலச் சுவர் அறைக்கு இரண்டு முறை அனுப்பப்பட்டும், தனக்கு ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டான். அவன் அரையாண்டில் ஐந்து பாடத்திலும் தோற்றவன் என்பதை நினைவில் வையுங்கள்.

மார்ச் மாதம் ஸ்வர்ணலதா நான்சியின் கோப்பைக் கேட்டார். பள்ளி நிர்வாகங்களின் கூட்டமைப்பு ஒன்று, பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்ற பள்ளிக்கு விருது வழங்கவிருந்தது. அதற்குச் சான்று தேவைப்பட்டது. பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன் என்றார் நான்சி. பெயரில்லாத கோப்பை நடுவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார் தலைமை ஆசிரியை. நான்சி தயங்கினார். அப்போது ஸ்வர்ணலதா, கோபமே இல்லாமல், சற்று வருத்தத்தோடு கேட்டார்:

“என்னை நம்பமாட்டீங்களா, நான்சி?”

மாட்டேன் என்று பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுப்பதில்லை. கோப்பு கைமாறியது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, பதினேழு பெயர்களில் ஏழு பெயர்களுக்கு அருகே பென்சிலால் மெல்லிய கோடு இருந்தது. கூடுதல் அக்கறை காட்ட வேண்டிய பிள்ளைகள் என்று குறித்திருக்கிறார் போலும் என்று நான்சி நெகிழ்ந்துபோனார்.

அக்கறை ஏப்ரல் கடைசியில் காட்டப்பட்டது. சடையனுக்கு அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியை அவரை எதிரே அமரச் சொல்லி, காப்பி வரவழைத்தார். அவர் விரும்பியபடியே கனிமொழியின் மாற்றுச் சான்றிதழ் ஆயத்தமாக இருப்பதாகவும், பிள்ளை எங்கிருந்தாலும் சிறக்க வேண்டும் என்றும் சொன்னார். தாம் எப்போது அப்படிக் கேட்டோம் என்று சடையன் விழித்தார். ஸ்வர்ணலதா ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தம் மகளை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதாக மேலே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அதை அவரே சடையனுக்கு வாசித்தும் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“கையெழுத்து என்துதாம்மா.”

தாம் இட்ட கையெழுத்தை இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார், கும்பிட்டார், சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

ஏழு பேரும் இப்படியே போனார்கள். படிக்க வராதவள், தேர்வென்றால் மயங்கி விழுகிறவன், தாய் நோயில் கிடப்பதால் வீட்டுப்பாடம் செய்யாதவன் என்று நம்பி வாய்திறந்த ஏழு பேர். பத்தாம் வகுப்பின் நூறு விழுக்காட்டுக்கு அவர்களால் ஊறு வரக்கூடும் என்பதை அவர்களே, தங்கள் வாயாலேயே, பள்ளிக்குச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பாடத்திலும் தோற்ற சுதாகர்? அவனை அனுப்ப அவன் தாய் எழுதிக்கொடுத்த கடிதம் கைவசம் இல்லை. ஆகவே அவன் தேறியே தீர வேண்டும் என்று மாலை வேளைகளில் தனிவகுப்பு நடத்தப்பட்டது. நம்பாதவனுக்கு அந்தப் பள்ளி உண்மையாகவே பாடம் சொல்லிக்கொடுத்தது.

நான்சி தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனார். உள்ளே நடந்ததை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. ஸ்வர்ணலதா ஒன்றையும் மறுக்கவில்லை என்பதே அதில் வியப்பு. அந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் தோற்று அவமானப்படுவதை விட இதுவே கருணை என்றார். பதினொன்றாம் பக்கத்தைப் படித்துத் தம் கண் கலங்கியதாகவும் சொன்னார். கலங்கியிருக்கும். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். மே மாதத்தில் விருது வந்தது. நான்சியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

வேலை போன மறுநாள் நான்சி ஒரு மனு எழுதினார். மாற்றுச் சான்றிதழைப் பெற்றோர் கேட்கவில்லை, கையெழுத்து வெற்றுத்தாளில் பெறப்பட்டது, பிள்ளையை அதே பள்ளியில் மீண்டும் சேர்க்க வேண்டும் என்று கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம். அதில் ஒன்றை மட்டும் கவனமாக விட்டுவிட்டார். கனிமொழிக்குப் படிக்க வராது என்பதை எழுதவில்லை. பெற்றோருக்கே தெரியாத செய்தியல்லவா? சிறுமியிடம் தாம் கொடுத்த வாக்கில் காப்பாற்ற அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

சேவூரில் சடையனின் வீட்டுக்குள் நான்சி நுழைந்தபோது தறியில் ஒரு பாவு முடிந்து, புதிய பாவு நூலை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தறியின் அருகே அமர்ந்து, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையை எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள் கனிமொழி. ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று மாறினாலும் சேலை முழுவதும் கோடு விழும். அவள் கை ஒருமுறையும் தடுமாறவில்லை. நான்சியைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள், எழுந்திருக்கவில்லை.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த தாய் சின்னபொண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள். “உங்க ரூம்ல வந்து இன்னா பேசிகினு இருந்தா மிஸ் இவ? கேட்டா வாயத் தொறக்கமாட்றா. நல்லாப் பேசிகினு இருந்த பொண்ணு.”

“அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்கம்மா,” என்றார் நான்சி.

“எங்ககிட்ட சொல்லாதீங்க. பெரிய மேடத்துகிட்ட மட்டும் சொல்லுங்க.”

அவள் எதையும் அறிந்து சொல்லவில்லை. குத்த வேண்டும் என்று குத்தினாள். குத்து உரிய இடத்தில் இறங்கியது. நான்சி தலைகுனிந்து மனுவை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். இதில் ஒரு கையெழுத்து இருந்தால் போதும், நானே கொண்டுபோய்க் கொடுத்து, தினமும் போய்க் கேட்பேன் என்று சடையனிடம் சொன்னார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அந்தப் பெண் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் திரும்ப இருந்த ஒரே வழி அந்தத் தாள்தான்.

சடையன் பேனாவைக் கையில் வாங்கினார். மூடியைக் கழற்றினார். பிறகு மூடியை மறுபடியும் போட்டுவிட்டு, தாளை மகளிடம் நீட்டினார்.

“கனி, நீ ஒருதபா படிச்சிச் சொல்லும்மா. நீ சொன்னா போட்டுடறேன்.”

உலகத்தில் அவர் இனி நம்பக்கூடிய வாசிப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் கேட்டார்.

கனிமொழி இழைகளைக் கீழே விட்டுவிட்டுத் தாளை வாங்கினாள். சிறுமியின் கண்கள் இடமிருந்து வலமாக, வரி வரியாக, படிக்கிறவர்களின் வேகத்திலேயே நகர்ந்தன. ஒன்பது ஆண்டுப் பயிற்சி. கடைசி வரியில் வந்து நின்றாள். நான்சி வாசித்ததை ஒருமுறை கேட்டிருந்தாள். அவளுக்கு அது போதுமானது. விரும்பினால் முழு மனுவையும் அப்படியே ஒப்பித்திருக்க முடியும். தகப்பனார் மகிழ்ந்து கையெழுத்திட்டிருப்பார்.

“மிஸ் சொன்னதுதாம்பா அப்படியே கீது,” என்றாள். “ஆனா நீ போட வாணாம்.”

“ஏம்மா?”

“இது நாளைக்கு யார் கைக்குப் போவும்னு இதுல எழுதல.”

தாளை நான்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இழையைத் தேடி எடுத்து முறுக்கத் தொடங்கினாள். நான்சி என்ன சொல்லி வாதாடுவார்? என்னை நம்பமாட்டாயா என்று கேட்பாரா? அந்தக் கேள்வி எவ்வளவு விலை பெறும் என்று அவருக்குத் தெரியும். சின்னபொண்ணு அவருக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தார்.

ஜூன் மாதம் கனிமொழி ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே வகுப்பாசிரியை சரண்யா என்பவர். பெயரைச் சொல்லக் காரணம், இவரை நீங்கள் நம்பலாம் என்பதுதான். புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, படிப்பில் ஏதேனும் இடர் உண்டா என்று கேட்கிறவர். எழுத்துக் குழப்பமுள்ள இரண்டு பிள்ளைகளைத் தம் கைப்பொறுப்பில் தேற்றியவர். எவர் சொன்னதையும் எவரிடமும் சொன்னதில்லை. கனிமொழியையும் மரத்தடியில் நிறுத்திக் கேட்டார்.

“படிக்கிறதுல எதாச்சும் கஷ்டம் இருந்தா எங்கிட்ட சொல்லும்மா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“ஒண்ணும் இல்ல மிஸ். எனக்கு நல்லாப் படிக்க வரும்.”

சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தாள். இன்றும் அங்கேதான் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டாள். தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

பார்த்தீர்கள் அல்லவா? இனி நீங்கள் பார்வையாளர் அல்லர். ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிப் புத்தகத்தை மூடும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்கள் ஊரில், நீங்கள் பெருமையாகப் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே பத்தாம் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே விழுந்துபோன பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். அந்த வீடுகளுக்குப் போங்கள். உங்களை அவர்கள் நம்பமாட்டார்கள்; கதவைத் திறக்காமல் பேசுவார்கள். மறுநாளும் போங்கள். பெற்றோர் ஒருவர் தனியாக ஒரு பள்ளியின் முன் நின்றால் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாற்பது பேராகப் போங்கள். பிள்ளைகள் மறைவாகச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு எதிராக எடுத்தவர் எவராயினும் அவர் மீண்டும் ஒரு பள்ளியை நடத்தக் கூடாது என்று நாற்பது குரலில் சொல்லுங்கள். அதை நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளி இன்று திறந்திருக்கிறது, இப்போதே கிளம்புங்கள்.